டேங்க் காலியாச்சு... எங்கே போச்சு?

வாழப்பாடி மட்டுமில்லை, சேலத்திலிருந்து ஆத்தூர் வரை எந்த ஊருக்குப் போனாலும் கரண்ட் கம்பத்தில் ஒரு செல்போன் நம்பர் இருக்கும். அதற்கு மேலே "செப்டிக் டேங்க் கிளீனிங்" என்று எழுதியிருக்கும். கக்கூஸில் தண்ணீர் இறங்காமல் நிற்கும் அன்றைக்குத்தான் அந்த நம்பர் கண்ணில் படும். போன் போட்டதும் வீட்டுக்காரர் கேட்பது மூன்றே கேள்விகள். எவ்வளவு? எப்போ வருவீங்க? ரொம்ப நாறுமா?

நாலாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. "எடுத்துட்டுப் போய் எங்கே கொட்டுவீங்க?" அதை மட்டும் யாரும் கேட்பதில்லை!

அமெரிக்காவில் வீட்டையே வண்டியில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றும் பழக்கம் உண்டு. இங்கே சினிமா ஷூட்டிங்குக்கு வருமே கேரவன், அது மாதிரி. அதற்குள் குளித்த தண்ணீருக்கு ஒரு டேங்க், கக்கூஸ் கழிவுக்கு ஒரு டேங்க். சாக்கடை இணைப்பு உள்ள இடத்தில் வண்டியை நிறுத்தினால் குழாயை மாட்டிவிட்டால் போதும். காட்டுக்குள் நிறுத்தினால் அந்த வசதி கிடையாது. சில நாளில் டேங்க் நிரம்பிவிடும். அப்போது வண்டிக்காரரே அதற்கென்று உள்ள இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போய், கையுறை போட்டு, ஹோஸைச் சொருகி, வால்வைத் திறந்து காலி செய்யவேண்டும். ரோட்டோரம் திறந்துவிட்டால் குற்றம். அதனால் தன் வீட்டுக் கழிவு எங்கே போனது என்று அந்த ஆளுக்கு நன்றாகத் தெரியும்.

பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் ஒவ்வொரு வீடும் இதே மாதிரி இணைப்பு இல்லாத வண்டிதான். சக்கரம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் இங்கே வீட்டுக்காரர் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார். அத்தோடு அவர் கணக்கு முடிந்தது.

செப்டிக் டேங்க் கட்டிவிட்டால் கழிவெல்லாம் மண்ணுக்குள் போய்விடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். போகாது. தெளிந்த தண்ணீர்தான் வெளியேறும். கசடு அடியில் தங்கும். அதை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை எடுத்தே ஆகவேண்டும். பத்து வருஷம் விட்டுவைத்து, பொங்கி வழிந்த பிறகு கூப்பிட்டால் வருவது தண்ணீர் இல்லை, சேறு. சாதாரணச் சாக்கடையைவிடப் பல மடங்கு வீரியம் உள்ள சேறு.

இனி லாரிக்காரர் பக்கம் வருவோம். வாழப்பாடியிலிருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர். சுத்திகரிப்பு நிலையம் அங்கேதான் என்றால் போய்வர 60 கிலோமீட்டர். டீசல் அவர் காசு. ஒரு நாளைக்கு எத்தனை நடை அடிக்கிறாரோ அவ்வளவுதான் வருமானம். இருட்டில் ஓர் ஓடையோ, வற்றிய ஏரியோ வழியில் இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்லவா வேண்டும்? தமிழ்நாடு முழுக்க இது மாதிரி லாரிகள் ஏரிக்கரையில் பிடிபட்ட செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. செய்தி வந்ததும் ஊரே சேர்ந்து டிரைவரைத் திட்டும். திட்டுகிறவர்களில் எத்தனை பேர் வீட்டுக் கழிவு அந்த லாரியில் இருந்தது?

"அட, காட்டுக்கு உரம்தானேப்பா" என்று சமாதானம் சொல்கிறவர்களும் உண்டு. காயவைத்து, மக்கவைத்துப் போட்டால் உரம். பச்சையாகக் கொட்டினால் அதில் இருப்பது வயிற்றுப்போக்குக் கிருமியும் குடற்புழு முட்டையும். போர் போடாத காடு இந்தப் பக்கம் ஏது? பாக்குத் தோப்புக்குப் பாய்கிற தண்ணீரும், குழந்தை குடிக்கிற தண்ணீரும் ஒரே மண்ணிலிருந்துதான் வருகிறது.

வசிஷ்ட நதியையே எடுத்துக்கொள்ளுங்கள். பேளூர் வழியாக ஓடி ஆத்தூருக்குப் போகிற ஆறு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-ல் வெளியிட்ட மாசடைந்த ஆற்றுப் பகுதிகளின் பட்டியலில் தமிழ்நாட்டுக்கு ஆறு இடங்கள். அதில் வசிஷ்ட நதி, திருமணிமுத்தாறு, சரபங்கா மூன்றும் சேலம் மாவட்டத்து ஆறுகள்! மூன்றுமே மிக மோசமான முதல் பிரிவில். சேகோ ஆலைக் கழிவுக்கும் இதில் பங்கு உண்டுதான். அதைச் சொல்லியே வீட்டுக் கழிவு தப்பித்துக்கொள்கிறது என்பதுதான் வேதனை.

சட்டம் இல்லையா? நிறையவே இருக்கிறது. பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கி டேங்கைச் சுத்தம் செய்யவைப்பது 2013-ம் வருஷச் சட்டப்படி குற்றம். இறக்கச் சொன்னது வீட்டுக்காரரானாலும் இரண்டு வருஷம் வரை ஜெயில். விஷவாயுவில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தரவேண்டும் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. கசடுக் கழிவுக்கென்று தமிழக அரசு 2014-லேயே வழிகாட்டு நெறிமுறை போட்டது. 2017-ல் கருங்குழி பேரூராட்சியில் இதற்காகவே ஒரு சுத்திகரிப்பு நிலையமும் வந்தது. 2022-ல் லாரிகளுக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டத் திருத்தமும் வந்தது.

எல்லாம் சரி. ஆனால் உரிமமும் அபராதமும் லாரிக்காரர் தலையில். டேங்கை நிரப்பிய வீட்டுக்காரருக்கு ஒரு கேள்வி கூட இல்லை! பக்கத்தில் கொட்ட இடம் கொடுக்காமல் அபராதம் மட்டும் போட்டால், லாரி இன்னும் இருட்டான இடமாகத் தேடிப் போகும்.

இதற்கு வழி தேடி வெளிநாடு போகவேண்டாம். பக்கத்து நாமக்கல் போதும். கேஸ் டேங்கர் லாரிகளுக்குப் பேர் போன ஊர். ஏற்றும் இடத்தில் எடை, இறக்கும் இடத்தில் எடை, இறக்கியதற்கு ரசீது. ரசீது இல்லாமல் வாடகை கிடையாது. கேஸுக்கு இருக்கும் இந்த ஒழுங்கு கழிவுக்கு ஏன் இல்லை? கேஸ் குறைந்தால் ஒருவருக்கு நஷ்டம், கழிவு குறைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்ற நினைப்புதான்!

மகாராஷ்டிராவில் வாய் என்ற சின்ன நகரம் 2018-லிருந்து இதைச் செய்து காட்டியது. டேங்க் நிரம்பும்வரை காத்திருக்காமல் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வரிசையாக எல்லா வீட்டுக்கும் லாரி போகும். செலவு வரிப் பணத்திலிருந்து. எடுத்த கழிவு போய்ச் சேரும் இடம் சுத்திகரிப்பு நிலையம். பேரூராட்சியே பணத்தை வாங்கிவைத்து, கழிவை உரிய இடத்தில் இறக்கிய ரசீதைக் காட்டினால் மட்டும் லாரிக்குக் கொடுத்தால் எந்த டிரைவர் ஓடைக்குப் போவார்? நேர்மையாக 60 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கும் அப்போதுதான் கட்டுப்படியாகும்.

போகிற வழியெல்லாம் தண்டவாளத்தில் கொட்டிக்கொண்டு போன ரயிலே மாறிவிட்டது. 2019-க்குள் அகலப்பாதைப் பயணிகள் பெட்டிகளில் பயோ டாய்லெட் வந்துவிட்டது. அத்தனை பெரிய ரயில்வேயால் முடிந்தது, ஒரு பேரூராட்சியால் முடியாதா?

முடியும். ஆனால் வீட்டுக்காரர் வாய் திறக்காதவரை நடக்காது. முந்நூறு, நானூறு குறைத்துப் பேசி ஜெயித்துவிட்டதாக நினைக்கிறாரே, அந்தக் குறைச்சலில் போனது சேலத்துக்கான டீசல்தான். அடுத்த முறை பேரம் பேசுமுன் கொட்டின ரசீதைக் கேளுங்கள். அதற்காக நூறு ரூபாய் கூடக் கேட்டால் கொடுங்கள். ரசீது இல்லை என்றால் புரிந்துகொள்ளுங்கள், டேங்க் காலியாகவில்லை... கிணற்றுக்கு இடம் மாறியிருக்கிறது!