ரகசியங்களின் ரகசியம்! கதைக்கு எதற்கு உண்மை முத்திரை?

அமெரிக்காவில் டான் பிரவுன் என்று ஒரு நாவலாசிரியர் இருக்கிறார். 2003-ல் அவர் எழுதிய "டா வின்சி கோட்" என்னும் மர்மக் கதை உலகமெங்கும் 8 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாகச் சொல்லப்படுகிறது. அவருடைய புதிய நாவலாகிய "தி சீக்ரெட் ஆஃப் சீக்ரெட்ஸ்", அதாவது "ரகசியங்களின் ரகசியம்" என்பது 2025 செப்டம்பரில் வெளிவந்தது. அதைப் படித்தவர்கள் இரண்டு கட்சியாய் நிற்கிறார்கள். ஒரு கட்சியார், கையில் எடுத்தால் கீழே வைக்க முடியவில்லை, பிராக் நகரத்தை நேரில் சுற்றி வந்தது போலிருக்கிறது என்கிறார்கள். மற்றொரு கட்சியார், அதே பேராசிரியர், அதே ஓட்டம், அதே சங்கேதக் குறி, நடுநடுவே பிரசங்கம், இதற்கு ஏறக்குறைய 700 பக்கமா என்கிறார்கள்.

இவ்விரு கட்சியாரிடமும் நமக்குச் சண்டையில்லை. ருசி அவரவர் நாக்கைப் பொறுத்தது. ஆனால், குழம்பில் உப்பு அதிகமா, காரம் அதிகமா என்று வழக்காடுகிறவர்களில் பெரும்பாலோர், அதில் மயக்க மருந்து கலந்திருக்கிறதா என்று கேட்கவில்லையே என்பதுதான் நமது கவலை.

அந்த மருந்து எங்கே இருக்கிறது? கதை துவங்குவதற்கு முன் உள்ள ஒரு பக்கத்தில் இருக்கிறது. இந்நூலில் வரும் ஆவணங்களும் சின்னங்களும் மெய்யானவை, சோதனைகளும் விஞ்ஞான முடிவுகளும் உள்ளபடியே உள்ளவை, ஸ்தாபனங்கள் யாவும் நிஜமானவை என்ற கருத்தில் அங்கே உறுதி கூறப்படுகிறது. கதை எழுதுகிறவருக்குப் பொய் சொல்ல உரிமை உண்டு. ஏனெனில் அவர் பொய்யைப் பொய்யென்று சொல்லியே விற்கிறார். ஆனால் பொய்க்கு உண்மை முத்திரை குத்தி விற்க யாருக்கும் உரிமையில்லை.

இந்த முத்திரையின் யோக்கியதை நாம் அறியாததல்ல. "டா வின்சி கோட்" நாவலிலும் இதே போல் ஒரு பக்கம் உண்டு. 1099-ல் ஏற்பட்ட "சீயோன் மடம்" என்னும் ரகசியச் சங்கம் நிஜமானதென்றும், பாரிஸ் தேசிய நூலகத்தில் அதன் ஆவணங்கள் கண்டெடுக்கப்பட்டன என்றும் அதில் கூறப்பட்டது. வாஸ்தவம் என்ன? அந்தச் சங்கம் 1956-ல் பியேர் பிளாந்தார் என்பவரும் அவரது சிநேகிதர்களும் பிரான்சில் பதிவு செய்தது. நூலகத்தில் கிடைத்த "பழைய" காகிதங்கள், 1960-களில் அவரும் அவரது கூட்டாளிகளும் தயாரித்து, தாங்களே கொண்டுபோய்ச் சேர்த்தவை. இரவில் தானே புதைத்த சிலையை, விடிந்ததும் சுயம்பு என்று தோண்டியெடுக்கும் பூசாரியின் வித்தைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இந்தப் புரட்டு நாவல் வருமுன்பே பிரான்சில் அம்பலமாகிவிட்டது. இருந்தும் முத்திரை குத்தப்பட்டது.

இக்கதை சினிமாவாக வந்தபோது, மனம் புண்படுகிறது என்று கிறிஸ்தவ அமைப்புகள் சில கூச்சலிட, 2006-ல் தமிழ்நாட்டு சர்க்கார் அதற்குத் தடை போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அத்தடையைத் தள்ளிவிட்டது. தள்ளியது சரியே. பொய்க்கு மருந்து பூட்டு அல்ல, கேள்வியே.

இனிப் புதிய நாவலுக்கு வருவோம். மனிதனுடைய உணர்வு மூளையில் பிறப்பதல்ல. அது வெளியே எங்கும் பரவிக் கிடக்கிறது. மூளை அதை வாங்கித் தரும் ரேடியோப் பெட்டி மாத்திரமே. ஆகையால் சாவோடு எல்லாம் முடிவதில்லை என்பதே இதன் சாரம். அதாவது, நம் பாட்டிகள் சொன்ன ஆத்மாவுக்கு ஆய்வுக்கூடச் சட்டை மாட்டியிருக்கிறார்.

கேட்கிறோம்: ரேடியோப் பெட்டி பழுதானால் பாட்டுக் கரகரக்கும், அல்லது நின்றுபோகும். பாடுகிறவர் அடியை மறந்துவிடுவாரா? செய்தி வாசிப்பவரின் குணம் மாறிவிடுமா? ஆனால் மூளையில் அடிபட்டால் மனிதனுடைய நினைவு, பேச்சு, குணம், விருப்பு, வெறுப்பு எல்லாமே மாறுகின்றன. 1861-ல் பிரெஞ்சு வைத்தியர் பிரோக்கா, மூளையின் முன்பக்கத்தில் ஓரிடம் கெட்டதால் பேச்சிழந்த நோயாளியைப் பற்றி விளக்கினார். மயக்க மருந்து ஏறியதும் நாம் வேறெங்கும் போய் விழித்திருப்பதில்லை. ஒன்றும் அறியாமல் கிடக்கிறோம். ஒலிபரப்பு நிலையம் வேறெங்கோ இருக்கிறதென்றால், இருக்குமிடத்தைக் காட்ட வேண்டியது யார் பொறுப்பு? சொல்லுகிறவர் பொறுப்பல்லவா?

"கதைதானே, இதற்கு இவ்வளவு ஆத்திரம் ஏன்?" என்று சிலர் கேட்கலாம். கதைதானே என்றால் அந்த முத்திரைப் பக்கத்தைக் கிழித்தெறியட்டும். நமக்கு ஆட்சேபணையே இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி, விஞ்ஞானமே சொல்லிவிட்டது, என் குழந்தை எங்கோ இருக்கிறது என்று நம்பினால், அவள் துக்கம் தீருமோ தீராதோ, ஆவியை அழைத்துத் தருகிறேன் என்பவனும், குறி சொல்லுகிறவனும், திதி கொடுக்கச் சொல்லுகிறவனும் அவள் வாசலில் வந்து நிற்பது நிச்சயம். நாவலாசிரியருக்குப் புத்தகம் விற்ற லாபம். இவர்களுக்கு அவளுடைய தாலிச் சரடு வரையில் லாபம்.

ஆகவே வாசகர்களே! படியுங்கள், ரசியுங்கள், பிடிக்காவிட்டால் தூக்கியெறியுங்கள். ஆனால் உண்மை என்று எவர் முத்திரை குத்தி நீட்டினாலும், அது வேதமானாலும் சரி, நாவலானாலும் சரி, ஆதாரம் எங்கே என்று முதலில் கேளுங்கள். அப்படிக் கேட்கப் பழகிவிட்டால், ரகசியம் என்று சொல்லிப் பிழைப்பவர்களுக்கு இந்த உலகத்தில் வேலையிராது.