டாக்டரே டாக்டரைக் கேட்கட்டும்!

எந்த நகரத்துப் பெரியாஸ்பத்திரி ஆனாலும் சரி, விடியற்காலையிலேயே ஓ.பி. வாசலில் கூட்டம். பாதிப் பேர் வெளியூர். ராத்திரி பஸ் ஏறி வந்தவர்கள். கையில் மஞ்சள் பை. அதற்குள் பழைய சீட்டு, எக்ஸ்ரே. வரிசையில் நின்று நிபுணரைப் பார்ப்பதற்குள் மதியம் ஆகிவிடுகிறது. அவரும் என்ன செய்வார், பாவம்! பின்னால் இன்னும் 100 பேர் நிற்கிறார்கள். "இதே மாத்திரையைச் சாப்பிடுங்க. 3 மாசம் கழிச்சு வாங்க." அவ்வளவுதான்!

இந்த ஒரு வரிக்காக ஒரு நாள் கூலி போச்சு. 2 பேர் பஸ் சார்ஜ் போச்சு. துணைக்கு வந்த மகனுக்கும் வேலை கெட்டது.

அந்த ஒரு வரியை ஊர் டாக்டரே கேட்டுச் சொல்லியிருக்கலாமே?

கம்ப்யூட்டர் வழி ஆலோசனை என்பது இதுதான். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., புண்ணின் போட்டோ ஆகியவற்றோடு தம் சந்தேகத்தையும் எழுதி அனுப்புகிறார். நிபுணர் பார்த்து, "அங்கேயே வைத்தியம் பாருங்கள்" என்கிறார். அல்லது, "உடனே அனுப்புங்கள்" என்கிறார். இந்த இரண்டாவது பதில்தான் உயிர் காக்கும். அவசரக்காரர் முன்னால் வருவார், மற்றவர்கள் ஊரிலேயே இருப்பார்கள், வரிசையும் குறையும்.

நெஞ்சு வலிக்காரரைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைக்கச் சொல்லவில்லை. அவருக்கு 108 இருக்கிறது. தொட்டுப் பார்க்க வேண்டிய வியாதிக்குப் போட்டோ போதாது என்பதும் நிஜம்.

இது புதுசும் இல்லை. கனடாவில் ஒட்டாவா நகர டாக்டர்கள் 2010-லேயே தொடங்கிவிட்டார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 2004 முதல் சிற்றூர்களில் மையங்கள் திறந்திருக்கிறது. அங்கே பயிற்சி பெற்ற பெண்கள் கண்ணைப் பரிசோதித்து விவரம் அனுப்ப, டாக்டர் தம் இடத்தில் இருந்தபடியே பார்த்துப் பேசுகிறார். மத்திய அரசின் இ-சஞ்சீவனி, சுகாதார நிலையத்திலிருந்து மேல் டாக்டரைக் கேட்பதற்கென்றே 2019 நவம்பரில் வந்தது. 2020 மார்ச்சில் விதிமுறையும் வந்தது. சட்டம் இடம் தரவில்லை என்று இனி யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

பின்னே எங்கே இடிக்கிறது? நேரத்தில்தான்! நிபுணருக்கு வார்டு, ஓ.பி., ஆபரேஷன், மாணவர் வகுப்பு. இதற்கு நடுவே திரையில் வந்து நிற்கும் கேள்வியை எப்போது பார்ப்பார்? வீட்டுக்குப் போகிற நேரத்தில் பார்த்தால் உண்டு. ஊர் டாக்டருக்கும் அதே பாடுதான். 60 பேரைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து டைப் அடிக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டால் மட்டும் போதாது. தினம் 2 மணி நேரம் பதில் எழுதுவதும் டியூட்டிதான் என்று சுகாதாரத் துறை உத்தரவு போடட்டும். அந்த நேரத்தில் நிபுணருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. கேள்வி போன தேதி, பதில் வந்த தேதி இரண்டையும் நோயாளியின் சீட்டிலேயே எழுதிக் கொடுக்கட்டும். தாமதம் எங்கே என்று மஞ்சள் பைக்காரருக்கே தெரிந்துவிடும்.