ஏத்தாப்பூரின் 20-உம் 36-உம்

சேலத்துக்கும் ஆத்தூருக்கும் நடுவே ஏத்தாப்பூரில் இருக்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம். இரண்டு பயிரும் யூபோர்பியேசி குடும்பம். ஆமணக்குக் கதிரில் ஆண்பூ அடியிலும் பெண்பூ நுனியிலும் இருக்கும். மரவள்ளியில் அது தலைகீழ். இளம் ஆண்மொட்டை எடுத்து, மகரந்தப்பையை அசிட்டோகார்மைனில் நசுக்கிப் பார்த்தால் ஆமணக்கில் 10 ஜோடி குரோமோசோம், மரவள்ளியில் 18 ஜோடி. உடல் செல்லில் 20, 36. இந்த எண்களை வைத்து உறவுமுறையை எவ்வளவு தூரம் பேசலாம் என்பதில் நம் துறையில் இன்னும் அவசரம் அதிகம்.

வரப்போரத்துக் காட்டாமணக்கையே எடுத்துக்கொள்வோம். அதற்கு 22. எண்ணை மட்டும் பார்த்தால் 20-க்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கத்தான் தோன்றும். ஆனால் அது குரோட்டனாய்டியே துணைக்குடும்பம்; மரவள்ளியும் ரப்பரும் அங்கேதான். ஆமணக்கு இருப்பது அகலிஃபாய்டியேவில்.

மரவள்ளியின் 36-க்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வியை நம் பக்கத்து ஆய்வாளர்களே முன்கூட்டி எழுப்பினார்கள். திருவனந்தபுரம் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தில் மகூனும் அவரோடு பணியாற்றியவர்களும் பாக்கிட்டீன் நிலைக் குரோமோசோம்களின் உருவத்தை ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். சில வகைகள் இரட்டையாக வருவதைக் கண்டு, அடிப்படை எண் 9, இது பழைய நான்மடியம் என்று 1969-இல் எழுதினார்கள். நுண்ணோக்கியையும் பொறுமையையும் மட்டும் வைத்துச் செய்த அந்த வேலையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். பின்னாளில் மரபணுத்தொகுதி வரிசைகளும் மரவள்ளியில் ஒரு பழைய இரட்டிப்பு நடந்திருப்பதைக் காட்டின. அதே இரட்டிப்பு ரப்பரிலும் இருக்கிறது, அதற்கும் 36. ஆமணக்கிலும் காட்டாமணக்கிலும் இல்லை. மரவள்ளியின் பேரினமும் ரப்பரின் பேரினமும் பிரிவதற்கு முன்பே அது நடந்துவிட்டதால்தான் இன்று மரவள்ளி மியாசிஸில் இருமடியம் போலவே ஒழுங்காக 18 ஜோடி கட்டுகிறது.

பேரினங்களுக்கு இடையில் இவ்வளவு சொல்லும் எண், மரவள்ளியின் பேரினமான மேனிஹாட்டுக்குள் நுழைந்ததும் எதற்கும் உதவுவதில்லை. எண்ணிப் பார்த்த காட்டு இனங்களிலும் 36-தான். 1973-இல் ரோஜர்ஸும் அப்பனும் 98 இனங்களாகப் பிரித்தபோது இலை, பூ, காய்களைத்தான் நம்ப வேண்டியிருந்தது. எண்ணால் பிரியாத இந்த இனங்கள் ஒன்றோடொன்று கலக்கவும் செய்யும்: மரமாக வளரும் மேனிஹாட் கிளேசியோவியை மரவள்ளியோடு கலந்து, தேமல் நோயைத் தாங்கும் செடிகளை 1930-களிலேயே கிழக்கு ஆப்பிரிக்காவின் அமானியில் உருவாக்கிவிட்டார்கள்.

எண் மாறினாலும் இனம் மாறிவிடாது. கோல்சிசினால் பெற்ற நான்மடியத்தை இருமடியத்தோடு கலந்தால் 54 கிடைக்கும்; 1996-இல் வெளியான ஸ்ரீ ஹர்ஷா என்ற மரவள்ளி ரகம் அப்படி வந்த மும்மடியம். அதன் விதை பலிக்காவிட்டாலும் கவலையில்லை, நட வேண்டியது கரணைதானே. கிழங்கில் மாவு அதிகம் என்பதே அதன் பெருமை. மாவின் பாயிண்ட் பார்த்து விலை போடும் ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த நம் பகுதிக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனாலும் அது மேனிஹாட் எஸ்குலென்டாதான்.

கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ந்த ஜானகி அம்மாள், டார்லிங்டனோடு சேர்ந்து 1945-இல் பயிர்களின் குரோமோசோம் அட்லஸை வெளியிட்டார். அப்படியொரு தொகுப்பு, அதில் சேரும் ஒவ்வொரு எண்ணும் எந்தச் செடியுடையது என்று தெரிந்தால்தான் பயன்படும். முள்ளுவாடி, குங்கும ரோஸ், வெள்ளைத் தாய்லாந்து என்று ராசிபுரத்திலும் நாமகிரிப்பேட்டையிலும் வயல்களில் வழங்கும் பெயர்களை மட்டும் எழுதி எண்ணைத் தருவது போதாது. ஆகவே இனி இவ்விதழுக்கு வரும் எண்ணிக்கைக் குறிப்புகளில் ஹெர்பேரியத்தில் வைத்த உலர்மாதிரியின் எண், கரணை எடுத்த ஊர், எண்ணிய செல்களின் தொகை, படம் நான்கும் இருக்க வேண்டும். ஈர மணலில் கரணையை ஊன்றினால் சில நாளில் வேர் வந்துவிடும். வேர்நுனியோடு நிறுத்தாமல் மொட்டையும் பாருங்கள், ஜோடி சேரும் விதத்தையும் எழுதுங்கள்.