பன்றி கம்பெனிக்கு, கழிவு விவசாயிக்கு, நாற்றம் ஊருக்கு!

பன்றிப் பண்ணை என்றதும் மூக்கைப் பொத்திக்கொள்கிற பலருக்கும், அந்த நாற்றத்துக்குப் பின்னால் ஒரு கணக்குப் புத்தகம் இருப்பது தெரியாது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே சுமார் 80 லட்சம் பன்றிகள் இருக்கின்றன. டூப்ளின் என்ற ஒரே ஒரு மாவட்டத்தில் (அவர்கள் கவுண்டி என்பார்கள்) மனிதர்கள் சுமார் 50 ஆயிரம் பேர், பன்றிகள் 20 லட்சத்தை ஒட்டி!

இத்தனை பன்றிகளின் கழிவு எங்கே போகிறது? கொட்டகைத் தரையில் இடைவெளி விட்டிருப்பார்கள். அந்த இடுக்கு வழியே கீழே விழுவதைத் தண்ணீர் விட்டு அடித்து, வெளியே தோண்டிய திறந்த குட்டைக்குத் தள்ளிவிடுவார்கள். அதற்கு 'லகூன்' என்று பெயர். கேட்டால் ஏதோ சுற்றுலாத் தலம் போல இருக்கும்! குட்டை நிறைந்து வரும்போது நீரை உறிஞ்சி, பக்கத்துப் புல்வெளிகளில் பீய்ச்சி அடிப்பார்கள். அப்போது அமோனியா காற்றில் ஏறும், ஹைட்ரஜன் சல்பைடு நாறும், காற்று திரும்பினால் தூவானம் அக்கம்பக்கத்து வீடுகள் வரை போகும்.

"எருதானே, மண்ணுக்கு நல்லதுதானே?" என்று கேட்கலாம். அளவோடு இருந்தால் நல்லதுதான். ஆனால் இந்தப் பன்றிகள் தின்கிற சோளத்திலும் சோயாவிலும் பெரும்பங்கு வேறு மாநிலங்களிலிருந்து ரயிலில் வருகிறது. இறைச்சி வெளியே போய்விடுகிறது, கழிவு மட்டும் அங்கேயே தங்கிவிடுகிறது. தொண்ணூற்றுச் சொச்சம் சதவீதம் தண்ணீராக இருக்கும் கழிவைச் சோளம் விளைந்த நிலத்துக்கே திருப்பி அனுப்பினால், லாரி வாடகை எருவின் விலையைத் தாண்டிவிடும். அதனால் நைட்ரஜனும் பாஸ்பரசும் ஒரே மண்ணில் குவிந்து, ஆற்றுக்கும் கிணற்றுக்கும் இறங்குகின்றன.

சரி, இந்தக் கழிவு யாருடைய சொத்து? இங்கேதான் வேடிக்கை. ஒப்பந்த முறையில் பன்றிக்குட்டியும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை. கொட்டகையும் அதற்கு வாங்கிய வங்கிக் கடனும் விவசாயியுடையவை. பன்றி வளர்ந்ததும் கம்பெனி ஓட்டிக்கொண்டு போய்விடும். விட்டுச்செல்லும் கழிவும், செத்த பன்றிகளும் விவசாயியின் பொறுப்பு. வரவு ஒருவர் பேரேட்டில், செலவு இன்னொருவர் பேரேட்டில். நாற்றமோ யாருடைய பேரேட்டிலும் ஏறுவதே இல்லை.

1995 ஜூனில் ஆன்ஸ்லோ கவுண்டியில் ஒரு குட்டையின் கரை உடைந்து, சுமார் 2.5 கோடி காலன் கழிவு நியூ ஆற்றுப் பக்கம் பாய்ந்தது. நம் கணக்கில் ஒன்பதரைக் கோடி லிட்டர்! மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன. 1997-ல் புதிய குட்டைகளுக்குத் தற்காலிகத் தடை வந்தது. 1999 செப்டம்பரில் ஃபிளாய்ட் புயல் வந்து, ஆயிரக்கணக்கான பன்றிகள் வெள்ளத்தில் மிதந்த படங்களை உலகமே பார்த்தது. 2000-ல் ஸ்மித்ஃபீல்ட் கம்பெனி மாநில அரசோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்து, மாற்றுத் தொழில்நுட்பம் தேட 1.5 கோடி டாலர் தந்தது. சில முறைகள் சுற்றுச்சூழல் சோதனையில் தேறவும் செய்தன. ஆனால் 2006-ல் வந்த முடிவு: ஏற்கெனவே இருக்கும் பண்ணைகளுக்கு எதுவுமே கட்டுப்படியாகாது.

யாருக்குக் கட்டுப்படியாகாது? பண்ணையின் கணக்கில்தானே பார்த்தார்கள்! ஜன்னலைத் திறக்க முடியாமல், துணியை வெளியே காயப்போட முடியாமல் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் நஷ்டம் அந்தக் கணக்கில் முழுதாக ஏறியிருந்தால் விடை மாறியிருக்கும் என்றே தோன்றுகிறது. கடைசியில் 2007-ல் புதிய குட்டைகளுக்கு நிரந்தரத் தடை போட்டார்கள், பழைய குட்டைகள் அப்படியே தொடர்ந்தன.

அந்த நஷ்டத்துக்கு விலை போட்டது நீதிமன்றம்தான். 2014-லிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் கறுப்பின மக்கள், வழக்குப் போட்டார்கள். 2018 ஏப்ரலில் முதல் வழக்கின் பத்துப் பேருக்கு ஜூரி 5 கோடி டாலருக்கு மேல் வழங்கியது. மாநிலச் சட்டத்தின் உச்சவரம்பு அதை 32.5 லட்சமாகக் குறைத்தது. தலைக்கு இழப்பீடு 75 ஆயிரம், தண்டத்தொகை 2.5 லட்சம். 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கம்பெனி பொறுப்பாளிதான் என்ற தீர்ப்பை உறுதி செய்தது. தண்டத்தொகையை மட்டும் மறுபடி பார்க்கச் சொன்னது. கம்பெனி சமரசத்துக்கு வந்தது.

ஆனால் சட்டமன்றம் அதற்குள் முந்திக்கொண்டது. 2017-ல் ஆளுநரின் வீட்டோவையும் மீறி, இனிமேல் வரும் வழக்குகளில் இழப்பீடு வீட்டின் சந்தை மதிப்பைத் தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். 2018-ல் இன்னொன்று: பண்ணையிலிருந்து அரை மைலுக்குள் இருப்பவர்தான் வழக்குப் போடலாம், அதுவும் பண்ணை தொடங்கிய, அல்லது அடியோடு மாறிய ஓராண்டுக்குள். நாற்றத்துக்கும் காலாவதித் தேதி! அந்தப் பண்ணைகள் பெரும்பாலும் இருபது, முப்பது வருடப் பழையவை. இனி யார் வழக்குப் போடுவது?

இப்போது புதுப் பேச்சு பயோகேஸ். குட்டையை மூடி மீத்தேனைப் பிடித்து விற்பது. நல்ல விஷயம்தான், பருவநிலைக்கும் உதவும். ஆனால் மீத்தேனை எடுத்தாலும் நைட்ரஜன் அந்தத் திரவத்திலேயே இருக்கும். அது பெரும்பாலும் இன்னொரு திறந்த குட்டைக்குப் போய், பழையபடி புல்லில்தான் தெளிக்கப்படுகிறது. கேஸ் விற்க அனுமதி கேட்கிற இடத்திலாவது, இரண்டாவது குட்டையையும் மூடு, நைட்ரஜனைப் பிரித்தெடு, அந்தச் செலவைக் கொட்டகைக் கடன்காரன் தலையில் கட்டாமல் பன்றியின் சொந்தக்காரனே ஏற்கட்டும் என்று மாநிலம் நிபந்தனை போடலாமே?