மனைத் திட்டமும் மடைத் தண்ணீரும்

சென்னை கோட்டூர்புரத்தில், அடையாற்றின் தென்கரைப் பகுதியில் நான் குடியிருக்கிறேன். 2015-ம் ஆண்டு டிசம்பர் முதல் தேதியன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்குச் சுமார் 29 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் உபரி நீரும் ஆற்றில் சேர்ந்தது. ஆறு கரை புரண்டு எங்கள் பகுதி வீடுகளுக்குள் புகுந்தது. பட்டணத்துக் கதை விவசாயப் பகுதிக்கு எதற்கு என்று கேட்கலாம். ஏரி, வாய்க்கால், வடிகால் ஆகியவற்றின் மேல் வீடு வந்தால் என்ன நேரும் என்பதைப் பட்டணம் முன்னரே அனுபவித்துவிட்டது. இனி அந்த அனுபவம் கிராமங்களுக்கு வந்துகொண்டிருக்கிறது.

இன்றைய தியாகராய நகரும் ஒரு காலத்தில் நெடும் ஏரி இருந்த இடமே. 1920-களில் அன்றைய அரசே அந்த ஏரியை வடித்து வீட்டுமனைகளாக்கியது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. 2022-ம் ஆண்டில் சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோ மீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோ மீட்டராக விரிவாக்க அரசு ஆணையிட்டது. செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் ஏரிப் பாசனக் கிராமங்கள் பல இந்த எல்லைக்குள் அடங்கும்.

அரசு எப்போது தலையிடலாம்?

உள்ளூர் முடிவுகளில் அரசு தலையிடவே கூடாது என்பது என் கருத்தன்று. ஊராட்சித் தலைவரின் ஒப்புதலை மட்டும் வைத்துக்கொண்டு, முறையான அனுமதி பெறாத மனைகள் பல்லாண்டு விற்கப்பட்டன. 2016-ம் ஆண்டு செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. அதன் பின்னரே ஓரளவு ஒழுங்கு வந்தது. ஊரே தவறும்போது மேலிருந்து ஒரு கை தடுப்பது நன்மையே.

தடுப்பதற்குப் பதிலாக விதியைத் தளர்த்துவதற்கு அந்தக் கை நீளும்போதுதான் நமக்குக் கவலை. 1971-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-வது பிரிவு, எந்த நிலத்துக்கும் கட்டடத்துக்கும் விதிகளிலிருந்து விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. இப்பிரிவின்கீழ் வழங்கப்பட்ட 62 விலக்கு ஆணைகள் பற்றிய வழக்கில் 2000-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. பிரிவு செல்லும், ஆனால் சட்டத்தின் நோக்கத்துக்கு உதவும் வகையில், தக்க காரணத்தோடு மட்டுமே அதைப் பயன்படுத்தவேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

ஒரு கிராமத்தில் கண்டது

செங்கற்பட்டு மாவட்டத்தில் ஓர் ஏரிப் பாசனக் கிராமத்துக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி அளிக்கச் சென்று வந்தேன். மேல்மடை நஞ்சை மனையாயிற்று. ஊர் கூடி ஆட்சேபித்தது. ஆயினும் மேலிடத்து அனுமதி வந்துவிட்டது. மண் அள்ளும் இயந்திரம் வயலில் இறங்கிய பிறகே மக்களுக்கு விஷயம் தெரிந்தது. பாசன வாய்க்கால் மேல் கிராவல் கொட்டப்பட்டது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. மழைக்காலத்திலோ வடிகால் அடைபட்டு, சம்பா நடவு ஒரு வாரத்துக்கு மேல் மூழ்கி அழுகியது. எண்பது சென்ட் வைத்திருந்த முதியவர் ஒருவர் என்னிடம் கூறினார்: "ஐயா, அவங்களுக்கு அந்த வாய்க்கால் ரெண்டு மனை. எனக்கு அதுதான் எண்பது சென்ட்டும்."

விதை நேர்த்தியும் மேலுரமும் சொல்லிக்கொடுத்த நான், புல வரைபடத்தைப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. இன்றும் அது என் மனத்தை உறுத்துகிறது.

பிற இடங்களில்

கேரளத்தில் 2008-ம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி ஊர்தோறும் கண்காணிப்புக் குழு உண்டு. ஊராட்சித் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர் ஆகியோருடன் நெல் விவசாயிகளின் பிரதிநிதிகளும் அதில் அமர்கின்றனர். இங்கிலாந்தில் உள்ளூர் மன்றம் முடிவு செய்யவேண்டிய வீட்டுத் திட்டத்தை அமைச்சர் தம் கைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஆய்வாளர் ஒருவர் இரு தரப்பையும் விசாரித்து அறிக்கை தருகிறார். அமைச்சரின் முடிவு காரணங்களோடு வெளியிடப்படுகிறது.

நம் மாநிலத்தில் நஞ்சையை மனையாக்கும்போது வேளாண் இணை இயக்குநரின் கருத்து கேட்கப்படுகிறது. ஆனால் கடைமடை விவசாயியின் கருத்தைக் கேட்பார் இல்லை. நீர்நிலைகள் அடங்கிய நிலங்களைப் பெருந்திட்டங்களுக்காக ஒருங்கிணைக்க வகை செய்யும் சட்டம் 2023-ம் ஆண்டு ஏப்ரலில் நிறைவேறியபோது விவசாயச் சங்கங்கள் எதிர்த்ததற்கும் இந்த அச்சமே காரணம்.

ஆகவே, ஆயக்கட்டு நிலத்தில் விதியைத் தளர்த்துமுன் அதே மடையில் பாயும் விவசாயிகள் அனைவரையும் அரசு நேரில் கேட்கவேண்டும். ஆணையில் காரணத்தைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டவேண்டும். வாய்க்காலுக்கும் வடிகாலுக்கும் எக்காரணத்தாலும் விலக்கு அளிக்கலாகாது. வீடில்லாதவருக்கு வீடு வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதற்கு மேட்டுப் பாங்கான தரிசு நிலங்களை முதலில் நாடலாமே!

விவசாயிகள் செய்யவேண்டியவை

1. உங்கள் வயலுக்கு மட்டுமின்றி, மேல்மடை வயல்களுக்கும் புல வரைபடமும் அ-பதிவேட்டு நகலும் எடுத்து வையுங்கள். வாய்க்கால் எந்தப் புல எண்ணில் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. ஒவ்வோர் ஆண்டும் அடங்கலில் பயிர் சரியாகப் பதிவாகிறதா என்று பாருங்கள். 'தரிசு' என்று தொடர்ந்து பதிவானால் நிலத்தை மனையாக்குவது எளிதாகிவிடும்.

3. நில உபயோக மாற்ற அறிவிப்பு வந்தால் கெடு முடியுமுன் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு பெறுங்கள்.

4. கிராம சபையில் வாய்க்கால்களின் பட்டியலைத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். விலக்கு ஆணை பற்றி ஐயம் இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி நகல் கேளுங்கள்.

தனி ஒருவர் மனுவைவிட ஒரு மடைக்காரர் அனைவரும் கையெழுத்திட்ட மனுவுக்கு மதிப்பு அதிகம். மனைக்கல் நட்ட பிறகு வாய்க்காலை மீட்பது கடினம். அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு முன்பாகவே புல வரைபடத்தை வாங்கிவிடுங்கள்.