சுவரை வைத்துத்தான் சித்திரம்

உடம்பைப் பார்த்துக்கொள்ளாதவரிடம் சொல்லும் பழமொழி இது. குமரி மாவட்டத்துக் கோயில்களுக்கு இது அப்படியே, சொல்லுக்குச் சொல் பொருந்தும். பத்மநாபபுரம் அரண்மனையில் உப்பரிகை மாளிகையின் மேல்தளத்திலும், திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலிலும், சுசீந்திரம் கோபுரத்தின் உள்ளேயும் பழைய சுவரோவியங்கள் இருக்கின்றன. நிறம் மங்கியும் பூச்சு உதிர்ந்தும் கிடப்பதைப் பார்க்கிற பக்தர்கள் பலர், “புதுசா பெயின்ட் அடிச்சா என்ன?” என்று கேட்கிறார்கள். கோயில்மேல் உள்ள அக்கறையில் கேட்பதுதான். அதனாலேயே பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும்.

இந்தப் பக்கத்து ஓவியமுறையில் சுவரைத் தயார் செய்வதுதான் பாதி வேலை. சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தைப் பூசிக் காயவிடுவார்கள். அதன்மேல் சுண்ணாம்பை இளநீரில் கரைத்து, இருபது இருபத்தைந்து தடவைக்கும் மேல் மெல்லிசாகப் பூசுவார்கள். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே வண்ணம். சிவப்பும் மஞ்சளும் காவிக்கற்களை அரைத்து எடுத்தவை; கறுப்பு, எண்ணெய் விளக்கின் கரி; பச்சைக்கு நீலஅமரிச் சாறும் மஞ்சள் பிசினும். வெள்ளைக்குத் தனியாக எதுவும் தீட்டுவதில்லை, சுவரின் சுண்ணாம்பே வெள்ளை. வண்ணத்தைச் சுவரோடு பிடித்துவைத்திருப்பது வேப்பம்பிசின். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாலே வண்ணம் கையோடு வந்துவிடும்.

இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. சுவர் ஈரத்தை உறிஞ்சும், பிறகு வெளியே விடும். சுண்ணாம்புச் சுவருக்கு அது பழக்கம். அதன்மேல் எமல்ஷனோ எனாமலோ அடித்தால் பிளாஸ்டிக் தாள் ஒட்டியது போல வழி அடைபட்டுவிடுகிறது. உள்ளே சிக்கிய ஈரம் சுவரிலுள்ள உப்பைக் கரைத்து மேலே கொண்டுவரும். ஈரம் வற்றும்போது அந்த உப்பு பூச்சுக்கு அடியில் படிகமாகிப் பருத்து, ஓவியத்தைப் பொருக்குப் பொருக்காகப் பெயர்த்துத் தள்ளும். சிமென்ட் ஒட்டுப் போட்டாலும் ஏறக்குறைய இதே கதிதான்.

பழைய ஓவியத்தின்மேல் புதிதாக எழுதுவது நம் நாட்டில் புதிதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அங்கே மேலே இருந்ததும் சுண்ணாம்புப் பூச்சுதான். அதனால் தொல்லியல் துறை வேதியியலாளர்களால் மேலடுக்கைத் தனியே பிரித்தெடுக்க முடிந்தது. எனாமலைச் சுரண்டினால் அடியிலுள்ள வண்ணமும் சேர்ந்தே வரும்.

அப்படியானால் மங்கிய ஓவியத்தை என்னதான் செய்வது? முதலில் ஓட்டையும் தளத்தையும் பார்க்க வேண்டும்; பெரும்பாலும் கேடு அங்கிருந்துதான் ஒழுகி வருகிறது. தளர்ந்த பூச்சைச் சுண்ணாம்புக் குழம்பு செலுத்தி ஒட்டுவதும், புகையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுப்பதும் பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டியவை. உதிர்ந்துபோன முகத்தைக் கற்பனையில் வரைந்து நிரப்புவதைவிட, அந்த இடத்தை வெறுஞ்சுவராக விடுவதே மேல் என்பது என் எண்ணம்.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு வரும்போது உபயதாரர்கள் மனமுவந்து பணம் தருகிறார்கள். ஓவியம் உள்ள கோயிலென்றால், அந்தப் பணத்தைப் பெயின்ட்டுக்கு என்று எழுதாமல் கூரை ஒழுக்கைச் சரிசெய்ய என்று எழுதிக் கொடுங்கள்.