மண்ணை மூடும் வேலைக்கும் பேர் போடுங்கள்

மழை விட்ட மறுநாள் பேராதனைப் பாலத்தில் நின்று மகாவலியைப் பாருங்கள். பால்தேத்தண்ணி நிறத்தில் ஓடும். பஸ்ஸில் போகிறவர்கள் ஆறு பெருகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மலையில் வேலை செய்யும் நமக்கு அந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். மரக்கறித் தோட்டங்கள், வெட்டிய வீதிகள், வீடு கட்டுவதற்காகச் சரித்த மேடுகள் எல்லாவற்றின் மண்ணும் அதில் கலந்திருக்கிறது. அவற்றோடு நாம் கொழுந்து பறிக்கும் மலையின் மண்ணும், போன வாரம் நாம் சுமந்து போய்ப் போட்ட உரமும் போகிறது.

சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டிய சங்கப் பத்திரிகையில் மண்ணைப் பற்றி எதற்கு என்று சிலர் கேட்கலாம். இதுவும் சம்பளப் பிரச்சினைதான். மண் போன மலையில் தேயிலைத் தூர் மெலியும். தூர் மெலிந்தால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் மடுவத்தில் தராசு காட்டும் கிலோ குறையும். அப்போது அரைப்பேர் விழுவது மலைக்கு அல்ல, நமக்கு.

மண் எப்படிப் போகிறது என்பதைப் பார்ப்போம். வெறும் மண்ணில் மழைத்துளி நேரே விழும்போது மண்கட்டி உடைகிறது. உடைந்த தூள் மண்ணின் துளைகளை அடைத்துவிடுகிறது. தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லாமல் மேலாக ஓடி, மேல்மண்ணை வாரிக்கொண்டு கானில் விழுந்து ஆற்றுக்குப் போகிறது. உரத்திலுள்ள பொசுபரசு பெரும்பாலும் மண்தூளில் ஒட்டிக்கொண்டு அதோடு போய்விடும்.

நைதரசன் போகும் வழி வேறு. யூரியாவாகப் போட்டாலும் அது மண்ணுக்குள் மாறி மாறிக் கடைசியில் நைத்திரேற்று ஆகிறது. நைத்திரேற்று மண்ணில் ஒட்டாது. மழைத்தண்ணீரில் கரைந்து கீழே இறங்கி, ஊற்றிலும் பீலியிலும் வெளியே வரும். நல்ல கான் வெட்டினால் ஓடும் மண்ணைத் தடுத்து நிறுத்தலாம். கரைந்து இறங்கும் உரத்தைக் கானால் தடுக்க முடியாது. அதைப் பிடித்து வைக்க மண்ணுக்குள் உயிருள்ள வேர் வேண்டும்.

அந்த வேலையைச் செய்வதுதான் மூடுபயிர். விற்பதற்காக அல்ல, மண்ணை மூடி வைப்பதற்காக வளர்க்கும் பயிர். குவாத்தமாலா புல், மானாப்புல் போன்றவை அடர்ந்த வேர் விட்டு, கரைந்து போகும் நைத்திரேற்றை உறிஞ்சிக்கொள்ளும். வெட்டி மலையிலேயே பரப்பினால் அது உக்கி, பிடித்து வைத்த சத்தைத் தேயிலைக்குக் கொடுக்கும். குரோட்டலேரியா, டெப்ரோசியா, கிளிரிசிடியா போன்ற அவரையினச் செடிகளும் மரங்களும் காற்றிலுள்ள நைதரசனையே மண்ணில் சேர்க்கும். கரைந்து போவதைப் பிடிப்பதில் புல் கெட்டிக்காரன், புதிதாகச் சேர்ப்பதில் அவரையினம் கெட்டிக்காரன். இரண்டும் கலந்திருப்பது நல்லது.

எல்லா மலைக்கும் இது ஒரே அளவில் தேவை என்று சொல்லவில்லை. வாது நிறைந்து மட்டமாகப் பரந்து நிற்கும் தேயிலையே தன் மண்ணுக்குக் குடை. ஆபத்து மூன்று இடங்களில் இருக்கிறது: புதிதாக நடும் மலை, கவ்வாத்து வெட்டிய மலை, இடையிடையே தூர் செத்து வெற்றிடம் விழுந்த பழைய விதைத் தேயிலை மலை. கண்டியைச் சுற்றியுள்ள மத்திய மலைநாட்டுத் தோட்டங்களில் இந்த மூன்றாவது வகை எவ்வளவு என்பதை நாம் தினமும் பார்க்கிறோம்.

இதற்கு அளவு எடுத்துக் காட்டியவர்களும் இருக்கிறார்கள். 1985இல் தேயிலை ஆராய்ச்சி சஞ்சிகையில் கிருஷ்ணராஜா என்ற மண் ஆய்வாளர் வெளியிட்ட கணக்கு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. மண் பாதுகாப்பு எதுவும் செய்யாத பழைய விதைத் தேயிலையில் ஒரு ஹெக்டேயரிலிருந்து ஆண்டுக்கு 40 தொன் மண் போகிறது. பாதுகாப்போடு நன்றாகப் பராமரித்த வீ.பீ. தேயிலையில் போவது 0.24 தொன். கண்டிப் பக்கத்துக் கிராமத்து வீட்டுத்தோட்டத்தில், பலாவும் மிளகும் கோப்பியும் வாழையும் கலந்து நிற்கும் நிலத்தில், 0.05 தொன் மட்டுமே. நம் கணக்கில் சொன்னால் முதல் மலையில் ஐந்து தொன் லொறியில் எட்டு லொறி மண். இரண்டாவதில் ஏறக்குறைய ஐந்து உரமூட்டை அளவு. மூன்றாவதில் ஒரே ஒரு மூட்டை.  மூடியிருப்பதும் மூடாதிருப்பதும்தான் வித்தியாசம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் அல்ல. கோப்பிக் காலத்திலும், 1867இல் லூல்கந்துரையில் தேயிலை தொடங்கிய பிறகும், துரைமார் புல் பூண்டு இல்லாத மலையைத்தான் நல்ல மலை என்றார்கள். நம் முன்னோர் கையில் சுரண்டியைக் கொடுத்து மேல்மண்ணோடு சேர்த்துச் சுரண்டவைத்தார்கள். அதன் பலன் தெரிந்தபோது, மண் அரிப்பை ஆராய்ந்த அரசாங்கக் குழுவின் அறிக்கை 1931இல் வந்தது. 1951இல் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. புதிதாக நடுவதற்கு முன் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வரை குவாத்தமாலா அல்லது மானாப்புல் வளர்த்து மண்ணைத் தேற்ற வேண்டும் என்பது தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் முறை. ரப்பர் தோட்டங்களில் மறுநடுகை செய்யும்போது பியூரேரியாக் கொடி போட்டு மண்ணை மூடுவது வழக்கமான வேலை. ரப்பரில் முடிவது தேயிலையில் ஏன் முடியாது? பேராதனையில் விவசாயத் திணைக்களம் இருக்கிறது, பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது, பக்கத்து ஹந்தானையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளை இருக்கிறது. இங்கே அறிவுக்குப் பஞ்சமில்லை.

போன மண் எங்கே நிற்கிறது? பேராதனைக்குக் கீழே பொல்கொல்லை அணைக்கட்டு 1976இல் திறக்கப்பட்டது. 12 ஆண்டுகளில் அதன் கொள்ளளவில் 40 வீதத்துக்கும் மேல் சேறு நிறைந்துவிட்டது. 1990களின் ஆரம்பத்தில் கொத்மலை நீர்த்தேக்கத்தில் நீலப்பச்சைப் பாசி படர்ந்தது. மேலேயிருந்து வரும் உரச்சத்துத்தான் அந்தப் பாசிக்குத் தீனி. கட்டுகஸ்தோட்டை சுத்திகரிப்பு நிலையம் இதே மகாவலித் தண்ணீரைத்தான் எடுத்துக் கண்டி மக்களுக்குக் கொடுக்கிறது.

ஆனால் நகரத்துக்காரர் குடிக்கும் தண்ணீர் சுத்திகரிக்கப்படுகிறது. நம் லயத்துப் பீலிக்கு அது கிடையாது. மலைக்கு மேலே போட்ட உரமும் அடித்த மருந்தும் முதலில் வந்து சேருவது நம் குடத்துக்குத்தான். குடிநீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதற்கு மேல் போனால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்குத்தான் முதல் ஆபத்து. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாயும். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடவே செய்யும். நம் பீலித் தண்ணீர் கெட்டுவிட்டது என்று யாரையும் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. பரிசோதித்துச் சொல்லுங்கள் என்று கேட்பதற்காக எழுதுகிறோம்.

அப்படியானால் உரமே வேண்டாமா? அந்தப் பாடத்தை 2021இல் படித்துவிட்டோம். ஏப்ரல், மே மாதங்களில் இரசாயன உரத்தை ஒரே அடியாகத் தடை செய்தார்கள், நவம்பரில் கைவிட்டார்கள். 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு விழுந்தது. அதற்குப் பிறகு உரம் என்ன விலைக்குப் போனது என்பதும் தெரியும். உரம் வேண்டும். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய உரம் தேயிலைக்குப் போக வேண்டும், ஆற்றுக்குப் போகக்கூடாது. அதைத்தான் சொல்கிறோம்.

நம் ஆட்களிடமும் மறுப்பு இருக்கிறது. அதை ஒதுக்கிவிட முடியாது. "காலடியில் புல் வளர்ந்தால் அட்டை ஏறும், பாம்பு கிடக்கும், குளவி கட்டும், நீங்களா வந்து கொழுந்து எடுப்பீர்கள்?" என்று கொழுந்து பறிக்கும் அக்காமார் கேட்பது நியாயம். ஆகவே மூடுபயிர் என்றால் மலையைக் காடாக விடுவது என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. நடக்கும் நிரை சுத்தமாக இருக்க வேண்டும். புல்லை உரிய காலத்தில் தாழ வெட்ட வேண்டும். புளியாரை போன்ற தாழ்ந்த பூண்டை விட்டுவைத்து, இலுக்கையும் ஏறும் கொடியையும் பிடுங்க வேண்டும். காய்ச்சல் காலத்தில் வெட்டிப் பரப்பாவிட்டால் புல் தேயிலையின் தண்ணீரையே குடித்துவிடும். இதெல்லாம் தெரிந்த கை செய்ய வேண்டிய வேலை.

வேலை என்றால் அதற்குப் பேர் வேண்டும். இங்கேதான் முடிச்சு இருக்கிறது. கொழுந்துக்குப் பேர் உண்டு, கவ்வாத்துக்குப் பேர் உண்டு, மருந்தடிக்கப் பேர் உண்டு. புல் நடவும், வெட்டிப் பரப்பவும், கானில் சேர்ந்த மண்ணை அள்ளி மேலே போடவும் ஆள் இல்லை என்கிறார்கள். பல ஆள் செய்த வேலையை ஒரு கலன் களைகொல்லியால் முடித்துப் பழகிவிட்டார்கள். 2015இல் கிளைபோசேட்டைத் தடை செய்தபோது புல்லுவெட்ட ஆள் இல்லை என்று எழுந்த கூக்குரலும், 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் அந்தத் தடை தளர்த்தப்பட்டதும் இதைத்தான் காட்டின. மருந்தடித்த மலை சுத்தமாகத் தெரியும். அடுத்த மழைக்கு அதுதான் முதலில் கரையும்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை.

முதலாவது, மூடுபயிர் நடுவதும் வெட்டிப் பரப்புவதும் கான் பராமரிப்பதும் முழுப்பேர் போடும் வேலையாக இருக்க வேண்டும். கொழுந்து இலக்கோடு சேர்த்து ஓசியில் வாங்கும் வேலையாக இருக்கக்கூடாது. சம்பளச் சபை நாட்சம்பளத்தைத் தீர்மானித்தாலும், ஒரு நாளைக்கு எவ்வளவு வேலை என்பது தோட்டத்தில்தான் தீர்மானமாகிறது. தோட்டக் கமிட்டிகள் அங்கேயே இதைப் பேச வேண்டும்.

இரண்டாவது, கவ்வாத்து வெட்டிய கிளையும் இலையும் மலையிலேயே கிடக்க வேண்டும். ஆனால் அதை நாம் விறகுக்குத்தானே கொண்டுபோகிறோம்? உண்மைதான். காஸ் விலைக்கு அஞ்சித்தான் கொண்டுபோகிறோம். நிழல்மரக் கிளைகளை வெட்டி விறகாகக் கொடுத்தால், கவ்வாத்துக் குப்பையை மலைக்கு விட நாமும் தயார்.

மூன்றாவது, பீலிக்கும் ஓடைக்கும் இரு கரையிலும் புல் வளர்த்த ஒரு பட்டை இருக்க வேண்டும். அதற்குள் உரமும் மருந்தும் கூடாது. கனமழை வரும் நாளில் உரம் போடச் சொல்லக்கூடாது. லயங்களின் குடிநீரை ஆண்டுதோறும் பரிசோதித்து, முடிவைப் பெரட்டுக்களத்தில் எல்லாரும் பார்க்க ஒட்ட வேண்டும்.

நான்காவது, வெளியார் உற்பத்தி முறையில் குடும்பங்களுக்குத் தூர்களைப் பிரித்துக் கொடுக்கும் இடங்களில், மண் பாதுகாப்புச் செலவு நிர்வாகத்தினுடையதாக இருக்க வேண்டும். காணி அவர்களுடையது, மெலிந்த மண் நம்முடையது என்ற கணக்குச் சரிவராது.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மலைகள் சரிந்து நம் மக்கள் உயிரோடு புதைந்தார்கள். ஆழமாகச் சரியும் மலையைப் புல்லும் கொடியும் பிடித்து நிறுத்தாது. ஆபத்தான இடத்தில் இருக்கும் லயத்துக்கு ஒரே மருந்து, பாதுகாப்பான இடத்தில் காணியும் வீடும். அந்தக் கோரிக்கைக்குப் பதிலாக யாரும் நமக்கு மூடுபயிரைக் காட்ட வேண்டாம்.

கம்பனிகள் குத்தகைக்கு எடுத்தவர்கள். குத்தகை முடிந்தால் போவார்கள். துரைமார் மாற்றலாகிப் போவார்கள். நம் பிள்ளைகள் இங்கே இருப்பார்கள், அல்லது இங்கே வந்து போவார்கள். அவர்கள் பீலியில் வாய் வைத்துக் குடிக்க நல்ல தண்ணீரும், கொஞ்சம் மேல்மண்ணும் மிஞ்ச வேண்டும். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் உங்கள் தோட்டத்தில் எந்த நம்பர் மலை வெறுமையாகக் கிடக்கிறது, அதை மூட எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கெடுத்துக்கொண்டு வாருங்கள். மற்றதை நிர்வாகத்தோடு சங்கம் பேசும்.